மேடும் நிறமும்: தோல்நோய் மெழுகுகள் பற்றி

அப்பாவின் இடது முழங்காலுக்குக் கீழே கறுப்பாக ஒரு திட்டு வந்தது. முதலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு, ஆறே மாதத்தில் உள்ளங்கை அளவு. நல்ல அரிப்பு. மேலே சாம்பல் நிறத்தில் செதில். வழக்கமாகப் போகும் டாக்டர் பார்த்துவிட்டுப் படர்தாமரை என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். குறையவில்லை. வேறு களிம்பு. அதற்கும் குறையவில்லை. நான் இணையத்தில் மேய்ந்துவிட்டு ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன், "சொரியாசிஸா இருக்குமா சார்?" அவர் சிரித்தார். "அது நல்லா சிவப்பா இருக்கும் தம்பி. இது கறுப்பால்ல இருக்கு."

இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. பிறகு இன்னொரு மருத்துவரிடம் போனோம். வயதான அம்மா. அவர் காலைப் பார்ப்பதற்கு முன்னால் அப்பாவின் கையை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். நகங்களின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். ஊசியால் குத்தினது மாதிரி சின்னச் சின்னக் குழிகள். அப்புறம்தான் கால். திட்டின் ஓரத்தில் விரலை வைத்து, தோல் எங்கே தடிக்கிறது, எங்கே சமமாகிறது என்று ஒரு சுற்று தடவிப் பார்த்தார். "சொரியாசிஸ்தான். நம்ம தோல்ல சிவப்பைத் தேடினா கிடைக்காதுப்பா. தடவிப் பாக்கணும்" என்றார்.

இந்தக் கட்டுரை அப்பாவைப் பற்றியது இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால், பின்னால் நான் சொல்லப்போகும் மெழுகு உருவங்களை எல்லாரும் பார்ப்பது போலத்தான் நானும் பார்த்திருப்பேன். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். நான் மருத்துவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறவன். மருத்துவ விஷயத்தில் தவறு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

இரண்டே வார்த்தைகள்

அப்பாவின் காலுக்குப் படம் தேடிப் போனபோதுதான் மூலாஜ் என்ற சொல் கண்ணில் பட்டது. வார்ப்பு என்ற பொருள்தரும் பிரெஞ்சுச் சொல். நோயாளியின் உடம்பில் நோய் பாதித்த இடத்தை அப்படியே அச்செடுத்து, மெழுகில் வார்த்து, வண்ணம் தீட்டி, மாணவர்களுக்குப் பாடம் நடத்த வைத்திருந்த உருவங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பாரீஸ், வியன்னா, பெர்லின், சூரிச், டோக்கியோ என்று பல ஊர்களில் செய்யப்பட்டன. அச்சு எடுக்காமல் கையாலேயே உருவாக்கிய தோல்நோய் மெழுகுகள் அதற்கு முன்பே உண்டு.

இவற்றைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்டவை கொஞ்சநஞ்சமல்ல. படித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் சுற்றிச் சுற்றி இரண்டு வார்த்தைகள்தான்: தத்ரூபம், பயங்கரம். "உயிருள்ள மனிதரைப் போலவே இருக்கிறது" என்பார்கள், அடுத்த வரியிலேயே "ராத்திரி தூக்கம் வராது" என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டுமே பார்க்கிறவரின் உணர்ச்சி. பாடம் நடத்தச் செய்த ஒரு பொருளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இது எதைக் கற்றுக்கொடுத்தது? எதைக் கற்றுக்கொடுக்காமல் விட்டது? யாருக்கு அது போதவில்லை?

சும்மா சொல்லக்கூடாது, முதல் தடவை பார்த்தபோது நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தேன்.

பழம் செய்தவர்

பாரீஸின் சேன் லூயி மருத்துவமனையை 1607இல் கட்டத் தொடங்கினார் நான்காம் ஹென்றி. பிளேக் நோயாளிகளை ஊருக்கு வெளியே வைத்துப் பார்ப்பதற்காக. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1801இல், அது தோல்நோய்களுக்கான மருத்துவமனையாக மாறியது. அங்கே ழான் லூயி அலிபேர் வந்தார். தோல்நோய்களை ஒரு மரம் போலக் கிளை கிளையாக வரைந்து வகைப்படுத்தியவர். 1806இல் தொடங்கி வண்ணப் படங்களோடு பெரிய புத்தகமாக வெளியிட்டார்.

ஆனால் படம் தட்டை. அரிதான நோய் ஒன்று வகுப்பு நடக்கும் நாளில் வார்டில் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போவார், இல்லையென்றால் இறந்துபோவார். 1860களில் அங்கே வேலை பார்த்த ஷார்ல் லாயே என்ற மருத்துவர் இதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார். ஜூஃப்ருவா என்ற கூரை போட்ட கடைவீதியில் ஒரு கடையில் காகிதக் கூழில் செய்த பழங்கள் கண்ணில் பட்டன. நம்மூர்க் கொலுவில் வைக்கிறோமே, காகிதக் கூழ் பொம்மை, அந்த மாதிரியான வேலை. செய்தவர் பெயர் ஜூல் பரெத்தா. லாயே அவரை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்.

பரெத்தாவின் முதல் மூலாஜ் 1867ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1889இல் முதல் சர்வதேசத் தோல் மருத்துவ மாநாடு பாரீஸில் கூடியபோது, இந்த மெழுகுகளுக்கென்றே கட்டிய காட்சிக்கூடத்தில்தான் கூடியது. இரண்டு அடுக்காகச் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். இன்று அங்கே 4,800க்கும் மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன. பெரும்பகுதி பரெத்தாவின் கையால் ஆனவை. கடைசி மூலாஜ் 1958இல் செய்யப்பட்டது.

நான் அங்கே போனதில்லை. எல்லாம் புகைப்படங்களில் பார்த்ததுதான். மெழுகின் தொழிலை முடித்துவைத்ததே புகைப்படம். அந்த மெழுகை நான் பார்ப்பதும் அதே புகைப்படத்தின் வழியாகத்தான். இந்த முரண் பின்னால் உதவும்.

ஒரே உருவத்தில் இரண்டு வேலைகள்

செய்முறையைக் கவனமாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். நோயாளியை உட்கார வைத்தோ படுக்க வைத்தோ பாதித்த இடத்தில் லேசாக எண்ணெய் தடவுவார்கள். அதன்மேல் குழைத்த பாரீஸ் சாந்து. சாந்து இறுகும்போது சூடு ஏறும். புண்ணின் மேல் இந்தச் சூட்டையும் கனத்தையும் தாங்கிக்கொண்டு நோயாளி அசையாமல் இருக்க வேண்டும். இறுகியதும் கழற்றினால் தோலின் எதிர்அச்சு கிடைக்கும். தேன்மெழுகும் பிசினும் நிறமும் கலந்து உருக்கி அதில் ஊற்றுவார்கள். ஆறியதும் பிரித்தெடுத்து, நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்ணம் தீட்டுவார்கள். முடி இருக்கிற இடத்தில் முடி நடுவார்கள். வெட்டு விளிம்பு தெரியாமல் வெள்ளைத் துணி சுற்றி, கறுப்புப் பலகையில் பொருத்தி, ஒரு லேபிள்.

இதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று மேடு. தடிப்பு, குழி, சுருக்கம், வெடிப்பு, ரோமத் துவாரம். இதைச் சாந்து பதிவு செய்கிறது. சாந்துக்கு மருத்துவம் தெரியாது. எது முக்கியம், எது தேவையில்லை என்று தெரியாது. தொட்டதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். இரண்டு, நிறம். இதை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துக் கையால் வைக்கிறார். எவ்வளவு சிவப்பு, எந்தச் சிவப்பு, ஓரம் எங்கே மங்குகிறது என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். சாந்து செய்வது நகல். வண்ணம் செய்வது மொழிபெயர்ப்பு.

என் தொழில் பாஷையில் சொன்னால், மேடு என்பது சென்சாரிலிருந்து நேராக வந்த மூலத் தரவு. நிறம் என்பது ஒருவர் பார்த்து எழுதிய குறிப்பு.

இந்தக் கோடு முழுக்கத் தெளிவானது என்று சொல்ல மாட்டேன். உதிரும் செதிலைச் சாந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதைக் கையால்தான் திரும்ப வைக்க வேண்டும். பொருக்கு, நீர்க்கொப்புளம் எல்லாம் அப்படித்தான். ஆனாலும் அடித்தளம் தொட்டு எடுத்தது, மேல்பூச்சு பார்த்து வைத்தது என்ற வேறுபாடு நிற்கிறது. காலமும் இதை உறுதி செய்கிறது. நூறு வருடத்தில் மெழுகின் நிறம் மங்கும், மஞ்சளடிக்கும், தூசி ஏறும். மேடு, சூடு பட்டு இளகாத வரை, அதே மேடுதான்.

தத்ரூபம் என்று சொல்கிறவர்கள் பாராட்டுவது பெரும்பாலும் நிறத்தை. "அந்தச் சிவப்பைப் பாருங்கள்!" என்கிறார்கள். நான் பாராட்ட விரும்புவது மற்றதை.

லேபிள் மாறும், மெழுகு மாறாது

1889ஐ மறுபடி எடுத்துக்கொள்வோம். காட்சிக்கூடம் திறந்த அதே ஆண்டு, ழான் டாரியே என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு தோல்நோயை விவரித்தார். மார்பு, முதுகு, தலையோரம் எல்லாம் எண்ணெய்ப் பசையோடு சொரசொரப்பான சிறு முண்டுகள். ஒருவகை ஒட்டுண்ணிதான் காரணம் என்று நினைத்தார், பெயரையும் அதை ஒட்டியே வைத்தார். அது தவறு. ஒட்டுண்ணி என்று அவர் நுண்ணோக்கியில் கண்டவை நோயாளியின் சொந்தச் செல்களே. அது மரபணு நோய் என்பது பிறகு தெளிவாகி, எந்த மரபணு என்பது 1999இல் தெரியவந்தது. காரணம் பற்றிய வரியை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டியிருந்தது. அவர் விவரித்த சொரசொரப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அலிபேரின் கதையும் இதேதான். தோலில் காளான் மாதிரி புடைத்து வந்த கட்டிகளைப் பார்த்து, பூஞ்சையை நினைவூட்டும்படி மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று பெயர் வைத்தார். அதற்கும் பூஞ்சைக்கும் சம்பந்தமே இல்லை. அது ஒருவகை நிணநீர்ப் புற்று. பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்து மருத்துவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மூலத் தரவையும் லேபிளையும் தனித்தனியாக வைத்திருந்தால் லேபிள் தப்பாகப் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். மெழுகு அப்படி வைத்திருந்தது. பலகையில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் ஒட்டலாம். பழம் செய்கிறவர் நோயைப் பற்றிக் கோட்பாடு எதுவும் இல்லாமல் வந்து உட்கார்ந்தது நல்லதாயிற்று என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. ஒரு மருத்துவரே கையால் செதுக்கியிருந்தால், தான் நம்பிய நோயைத்தான் செதுக்கியிருப்பார்.

பூட்டிய அறைகள்

இங்கே ஒரு குறை சொல்லியாக வேண்டும். இந்தக் கலைஞர்கள் தங்கள் வித்தையைப் பூட்டி வைத்தார்கள். லண்டனில் கைஸ் மருத்துவமனையில் ஜோசப் டவுன் என்பவர் 1826இலிருந்து 1879இல் இறக்கும் வரை ஐம்பத்துமூன்று வருடம் மெழுகு உருவங்கள் செய்தார். ஆயிரத்துக்கும் மேல். செய்முறையை யாருக்கும் காட்டவில்லை. பரெத்தாவும் தன் கலவையை ரகசியமாகவே வைத்திருந்தார். வியன்னாவில் கார்ல் ஹென்னிங் தன் மகன் தியோடருக்கு மட்டும் கைமாற்றினார்.

பிழைப்பு போய்விடும் என்ற பயம் புரிகிறது. ஆனால் விளைவு என்ன? எழுதி வைக்காத வித்தை ஆளோடு போய்விடும். எங்கள் துறையிலும் பார்த்திருக்கிறேன். ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அவர் எழுதிய நிரலைத் தொட எல்லாரும் பயப்படுவார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. வித்தை பரவினால்தான் வேறு ஊரில், வேறு தோலில் அதைச் செய்து பார்க்க முடியும்.

ஜப்பானில் அது நடந்தது. டோக்கியோவிலிருந்து ஐரோப்பா போய்ப் படித்த டோஹி கெய்சோ என்ற தோல் மருத்துவர், வியன்னாவில் ஹென்னிங்கிடம் இந்த வித்தையைத் தெரிந்துகொண்டு 1898இல் ஊர் திரும்பினார். அதன்பிறகு ஜப்பானியக் கலைஞர்கள் ஜப்பானிய நோயாளிகளின் உடம்பிலிருந்து அச்செடுத்தார்கள். ஐரோப்பிய மெழுகுகளை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு இதுதான் நோய் என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. தங்கள் மாணவர்கள் நாளைக்குப் பார்க்கப்போகும் தோல் எதுவோ அதிலிருந்தே பாடம் எடுத்தார்கள். மூலாஜ் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நிறம் ஜெயித்த கதை

1930களின் நடுவில் கோடாக்ரோம் வண்ணப் படச்சுருள் வந்தது. அடுத்த பத்து வருடத்தில் பென்சிலின் வந்து, மூலாஜ் அலமாரிகளில் பெரும் இடத்தைப் பிடித்திருந்த சிபிலிஸைக் குணப்படுத்தக்கூடிய நோயாக்கிவிட்டது. புகைப்படம் மலிவு, ஒரு நொடியில் முடியும், நோயாளிக்கு வலிக்காது. நியாயமாகப் பார்த்தால் மெழுகு தோற்றதில் தப்பே இல்லை. அந்தச் சாந்தைப் புண்ணில் வைத்துக்கொண்டவரைக் கேட்டால் கேமராவுக்குத்தான் ஓட்டுப் போடுவார்.

ஆனால் இந்த மாற்றத்தில் என்ன கைமாறியது, என்ன கைவிடப்பட்டது என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு. புகைப்படம் எடுத்துக்கொண்டது நிறத்தை. விட்டுவிட்டது மேட்டை. உண்மையான அளவையும் சேர்த்தே விட்டது. மெழுகில் ஒரு திட்டு மூன்று விரற்கடை என்றால் மூன்று விரற்கடைதான். படத்தில் அது திரை அளவுக்கு ஏற்ப எதுவாகவும் இருக்கலாம். பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு எடுத்தால் மேடு கொஞ்சம் தெரியும், உண்மைதான். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் சப்பை.

மெழுகில் இருந்த இரண்டு வேலைகளில் நம்பகமானது மேடு, ஒருவரின் கண்ணைச் சார்ந்தது நிறம் என்று மேலே சொன்னேன். புதிய கருவி வாரிசாக எடுத்துக்கொண்டது இரண்டாவதை. அந்த நிறமும் யாருடைய நிறம்? கோடாக் நிறுவனம் வண்ண அச்சைச் சரிபார்க்கப் புகைப்பட ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான் இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்தத் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

வெள்ளைத் தோலில் அழற்சி என்றால் சிவப்பு. மாநிறத்திலும் கறுப்பிலும் அதே அழற்சி ஊதாவாகவோ, அடர்பழுப்பாகவோ, சாம்பலாகவோ தெரியும். சில சமயம் சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுத்தது மாதிரி மட்டும். ரத்தம் அதே ரத்தம்தான், அதன்மேல் மெலனின் திரை இருக்கிறது. ஆனால் தடிப்பு? செதில்? நகத்தில் குழி? அவற்றுக்கு மெலனின் எந்தத் திரையும் போடுவதில்லை. எல்லாத் தோலுக்கும் பொதுவான அடையாளம் மேட்டில் இருக்கிறது. ஒரு தோலுக்கு மட்டும் எளிதாகப் படிக்கக் கிடைக்கும் அடையாளம் சிவப்பில் இருக்கிறது. நூறு வருடமாகப் பாடப்புத்தகம் சிவப்பை முன்னால் வைத்தது. என் அப்பா இரண்டு வருடம் பூஞ்சைக் களிம்பு பூசினார்.

அந்த முதல் டாக்டர் மேல் இப்போது கோபம் இல்லை. அவர் பார்த்த படங்களில் இருந்ததைத்தான் அவர் சொன்னார்.

மெழுகையும் விடப்போவதில்லை

இதுவரை படித்தவர்களுக்கு நான் மெழுகின் கட்சி என்று தோன்றும். இல்லை. அதன்மேல் எனக்கு இரண்டு பெரிய குறைகள் உண்டு.

முதல் குறை, சாந்து எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் எந்த உடம்பின்மேல் அதை வைப்பது என்பதைச் சாந்து முடிவு செய்வதில்லை. மருத்துவர் முடிவு செய்கிறார். அவர் முன்னால் வருகிறவர்களில், அவருக்கு அரிதாகவோ அழகான உதாரணமாகவோ தெரிந்த ஒருவர். பாரீஸிலும் வியன்னாவிலும் அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரின் வெள்ளைத்தோல் ஏழைகள். ஊரைப் பொறுத்தவரை அது இயல்பு. அந்த ஊரின் பாடத்தை உலகத்தின் பாடம் என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. இன்னொன்று, அலமாரியில் இருப்பவை எல்லாம் முற்றிய நிலை. வாசலில் நுழையும் சாதாரண நோயாளிக்கு நோய் அப்படி முற்றியிருக்காது.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. லேபிளில் நோயின் பெயர் இருக்கும், மருத்துவர் பெயர் இருக்கும். நோயாளியின் பெயர் இல்லாதது இன்றைய கணக்கில் சரிதான், அந்தரங்கம் காக்கப்படுகிறது. ஆனால் பெயரோடு சேர்த்து அவர் சொன்னதும் போய்விட்டது. எப்போது வந்தது, ராத்திரி அரிக்குமா, வேலைக்குப் போக முடிந்ததா, அச்செடுக்கச் சம்மதம் கேட்டார்களா? அந்த வெள்ளைத் துணி பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கிறது. அது மறைப்பது மெழுகின் வெட்டு விளிம்பை மட்டுமில்லை.

சம்மதம் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு மலிவாக இருந்தது என்பதற்கு ஒரு உதாரணம். ஆல்பர்ட் நைசர், மேகவெட்டை நோயின் கிருமியை 1879இல் கண்டுபிடித்த பெரிய மேதை. ப்ரெஸ்லாவ் நகரில், இன்றைய போலந்தின் வ்ரோத்ஸ்வாஃபில், அவர் நடத்திய தோல் மருத்துவமனையில் அல்ஃபோன்ஸ் க்ரோனர் என்ற தேர்ந்த மூலாஜ் கலைஞர் வேலை பார்த்தார். அதே நைசர் 1890களில், சிபிலிஸ் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைப் பாலியல் தொழிலாளிகள் உட்படச் சில பெண்களுக்கு, அவர்களிடம் கேட்காமலே செலுத்திப் பார்த்தார். அது தடுப்பாக வேலை செய்யுமா என்று சோதிக்க. சிலருக்கு சிபிலிஸ் வந்தது. விவகாரம் வெளியே வந்து அபராதம் விதிக்கப்பட்டது. 1900இல் பிரஷ்ய அரசு, நோயாளியின் சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்யக்கூடாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது.

க்ரோனரின் மெழுகுகளுக்கும் அந்தச் சோதனைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஒரே கட்டடம், ஒரே மாதிரி நோயாளிகள், அவர்கள்மேல் ஒரே மாதிரி அதிகாரம் என்று மட்டும் சொல்கிறேன். தத்ரூபம் என்று வியக்கும்போது இதையும் கூடவே நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது எங்கள் முறை

இந்தக் கதை முடிந்துவிட்டது என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1,29,450 மருத்துவப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த ஒரு கணினி மாதிரி, தோல் புற்றை அடையாளம் காண்பதில் தேர்ந்த மருத்துவர்களுக்கு இணையாக இருக்கிறது என்று வெளியிட்டார்கள். பெரிய செய்தியாயிற்று. பாரீஸில் சுமார் தொண்ணூறு வருடத்தில் சேர்ந்தவை 4,800. இங்கே ஒரே ஆய்வுக்கு லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கை ஏறியிருக்கிறது. ஆனால் கேள்வி அதேதான்.

2021இல் வேறொரு குழு, இணையத் தோல்நோய்ப் படத்தொகுப்புகளிலிருந்து 16,577 படங்களை எடுத்து ஒவ்வொன்றிலும் தோலின் நிறம் என்ன என்று குறித்தது. வெளிர்தோல் படங்கள் ஏராளம், அடர்நிறத் தோல் படங்கள் சொற்பம். அவர்கள் குறிக்கப் பயன்படுத்திய அளவுகோல் ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாடு. 1975இல் அது உருவானபோது வெள்ளைத் தோல் வெயிலில் எப்படிக் கருகும் என்பதற்காக உருவானது. நம்மைப் போன்றவர்களுக்கான ஐந்தும் ஆறும் பின்னால் சேர்க்கப்பட்டவை. அளவுகோலிலும் நாம் பிற்சேர்க்கைதான்.

இடைவெளியை நிரப்பும் முயற்சிகளும் நடக்கின்றன. 2020இல் மலோன் முக்வெண்டே என்ற லண்டன் மருத்துவ மாணவர், தன் ஆசிரியர்களோடு சேர்ந்து, கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடு வெளியிட்டார். வகுப்பில் "சிவப்பாக இருக்கும்" என்று சொல்லிக்கொடுக்கும்போது, "என் தோலில் எப்படி இருக்கும்?" என்று கேட்ட ஒரு மாணவரின் வேலை அது. நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் டோஹி செய்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த காரியம்தான்.

எங்கள் துறையில் படம் பற்றாக்குறை என்றால் உடனே "இன்னும் நிறைய படம் சேர்ப்போம்" என்பார்கள். சேர்க்க வேண்டும், ஆட்சேபமில்லை. பரெத்தாவின் அலமாரியைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, சேர்ப்பது தட்டைப் படமாகவே இருக்க வேண்டுமா? ஆழம் அளக்கும் சென்சார் இன்று சில கைபேசிகளிலேயே இருக்கிறது. முப்பரிமாண ஸ்கேனர்கள் மலிவாகிவிட்டன. தோலைத் தொடாமல், சூடான சாந்து இல்லாமல், நோயாளியிடம் கேட்டுவிட்டு மேட்டைப் பதிவு செய்ய முடியும். கூடவே அவர் சொன்னதையும் நான்கு வரி எழுதி வைக்கலாம். மெழுகிடமிருந்து நாம் வாரிசாக எடுத்திருக்க வேண்டியது அதன் சிவப்பை அல்ல.

இதிலும் ஒரு எல்லை உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மெழுகை மாணவர்கள் தொட முடியவில்லை. தலையை அசைத்து நிழலைத்தான் பார்த்தார்கள். தொட்டிருந்தாலும் மெழுகு குளிர்ந்திருக்கும், கெட்டியாக இருக்கும், அழுத்தினால் வலிக்காது. ஸ்கேனும் அப்படித்தான். அந்த அம்மா ஜன்னலோரம் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்ததற்கு இது மாற்று இல்லை. அந்தக் கையைப் பழக்குவதற்கு உதவினால் போதும்.

சென்ற வாரம் அப்பாவிடம் மடிக்கணினியில் பரெத்தாவின் முழங்கை மெழுகு ஒன்றைக் காட்டினேன். அதன் லேபிளிலும் சொரியாசிஸ்தான். அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தன் காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சிவப்பா இருக்கு," என்றார். பிறகு, "ஆனா ஓரம் நம்மளுது மாதிரியேதான் இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "இந்தாளுக்கும் ராத்திரிலதான் அரிக்குமா?"

லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் அது இல்லை.